பட்டன் இல்லாத ஏழாவது மாடி

அந்தக் கட்டடத்துக்கு மொத்தம் நான்கு மாடி. ஹேமலதா மூன்றாவதில் வேலை பார்த்தாள்; அவள் கணவன் தனசேகர் ஏழாவதில்.

ஏழாவதுக்குப் போவது பெரிய வித்தையில்லை. லிஃப்டையும் தண்ணீர் மோட்டாரையும் ஓட்டும் ‘சி’ மொழிப் புரோகிராமை ஹேமலதாவின் கம்பெனிதான் எழுதியிருந்தது. அதில் ‘மாடி’ என்றொரு வேரியபிள். பட்டனை அழுத்தினால் அதற்கு ஒரு மதிப்புக் கிடைக்கும். அழுத்தாவிட்டால், நினைவகத்தில் அந்த இடத்தில் முன்பு குடியிருந்த எண் எதுவோ அதையே வைத்துக்கொள்ளும். தண்ணீர் மோட்டார் ஓடி நின்றதும் அங்கே ஒரு ஏழு மிச்சமிருக்கும். அந்த நேரம் பார்த்து ஏறி, கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும்.

இறங்குவதற்குத்தான் டீக்கார பஷீர் பாய் வரவேண்டும். ஏழாவதில் லிஃப்டைக் கூப்பிடப் பட்டன் கிடையாது. சாயங்காலம் மோட்டார் நின்றதும், இரண்டு கையிலும் கெட்டிலும் கிளாஸுமாக அவர் ஏறுவார். எதையும் அழுத்த முடியாமல் மேலே வந்து சேருவார். எல்லோரும் டீ குடித்துவிட்டு அவரோடு கீழே வருவார்கள்.

மேனேஜர் ஞானதுரை சும்மா இருந்திருக்கலாம். புதிதாக ஒரு சோதனைக் கருவியை வாங்கிப் போட்டார். அது புரோகிராமை ஓட்டாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே வரி வரியாக வாசித்து, போகக்கூடிய வழி ஒவ்வொன்றிலும் போய்ப் பார்க்கும். இதுவரை சோதித்தவர்கள் எல்லாரும் பட்டனை அழுத்தியே சோதித்தார்கள். கருவி, அழுத்தாத வழியிலும் போனது. ‘மாடி: மதிப்புத் தராமலே பயன்படுத்தப்படுகிறது’ என்று எச்சரித்தது.

“ஆரம்பத்துலயே ஒரு ஜீரோ போட்டுடும்மா. சாயங்காலத்துக்குள்ள முடியணும்,” என்றார் ஞானதுரை.

ஜீரோ போட்டால் பஷீர் பாய் தரைத்தளத்திலேயே நிற்பார். தனசேகர் மேலேயே இருந்துவிடுவான். ஹேமலதா அவனைப் போனில் கூப்பிட்டாள்.

“ஜீரோ போடச் சொல்றாங்க.”

“போடு. வேலைன்னா செய்யத்தானே வேணும்? மாவு புளிச்சிடும், நீயே தோசை ஊத்திச் சாப்பிட்டுடு.”

அவளுக்கு அழுகை முட்டியது. அவன்மேல் கோபமும் வந்தது. ஜீரோவுக்குப் பதில் ஏழு என்று போட்டாள். கருவிக்கு வேண்டியது ஏதோ ஒரு மதிப்பு, அவ்வளவுதான்; அது வாயை மூடிக்கொண்டது. சாயங்காலம் தனசேகர் வழக்கம்போல இறங்கி வந்தான். இருவரும் தோசை சாப்பிட்டார்கள்.

மறுநாள் கருவி வேறொன்று சொன்னது: ‘ஐந்தாவது மாடி, ஆறாவது மாடி: அறிவிக்கப்பட்டுள்ளன, எங்கும் பயன்படுத்தப்படவில்லை.’

“ரெண்டையும் தூக்கிடும்மா,” என்றார் ஞானதுரை.

அவருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்த பஷீர் பாய் நிமிரவில்லை. “கொஞ்சம் பொறுங்க சார். நான் தாண்டிப் போறப்பல்லாம் ரெண்டு மாடியிலயும் டீ கேக்குறாங்க. ஆறுல ஒருத்தர் உங்க குரல்லயே கேக்குறாரு.”

“சர்க்கரை போட்டா, போடாமயா?”

“போடாம.”

ஞானதுரை தன் சர்க்கரையில்லாத டீயை ஒரு வாய் குடித்தார்.

“அப்போ ஆறை மட்டும் விட்டுடும்மா,” என்றார்.