டேங்க்குக்கு மூன்றாவது கோட்

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் என் வாயிலுள்ள பல் அத்தனையும் கொட்டிப்போகட்டும். மேல்வரிசை ஏற்கெனவே போய்விட்டது. அது சர்க்கரை வியாதியால் போனது. அதற்கும் சத்தியத்துக்கும் சம்பந்தமில்லை.

என் மனைவி என்னைவிட்டுப் போனது ஒரு ஸ்ப்ரே டப்பாவால். வேறு காரணம் யாராவது சொன்னால், முக்கியமாக என் மச்சினன் சொன்னால், காதில் வாங்காதீர்கள்.

என் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க்குக்கு நானே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். நிறம் அருமையாக வந்துவிட்டது. அதன்மேல் பளபளப்புக்குச் சாதா கிளியர் வார்னிஷ் அடித்துக் காயவைத்து, முதல் தடவை பெட்ரோல் ஊற்றும்போது ஒரு சொட்டுச் சிந்தியது. சிந்திய இடம் பாலாடைபோலச் சுருங்கிக்கொண்டு, துடைத்த துணியோடு வந்துவிட்டது. பெட்ரோலுக்கு அசையாத கிளியர் வேண்டுமென்று பெயின்ட் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். "பெரியவரே, உள்ளே தனியா ஒரு சின்னக் குப்பியில கிளியரை இறுக்குற ஹார்டனர் இருக்கு. அடியில இந்த ஊசியை அமுக்கினா அது உடைஞ்சு கிளியரோட கலக்கும். அதுக்கப்புறம் ஒரு நாள்தான். அடிக்காம வச்சா உள்ளேயே கல்லாயிடும். யோசிச்சு அமுக்குங்க, அமுக்கினா திரும்ப வராது."

"கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க."

"கல்யாணத்துக்கு இவ்வளவு எச்சரிக்கை யாரு எழுதி ஒட்டுறாங்க?" என்றார்.

எங்கே வைத்து அடிப்பது என்பதுதான் பிரச்சினை. முற்றத்தில் வைத்தால் ஈரக் கிளியர்மேல் ஊர்த்தூசி முழுக்க உட்காரும். கூடத்தில் வைத்தால் தெருக்கதவு. ஆகவே படுக்கையறை. என் மனைவி பெருக்குகிற அறையில் தூசி நிற்காது. அவள் துடைப்பத்தை எடுத்தாலே தூசி தன் மூட்டைமுடிச்சைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிவிடும்; நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டேங்க்கைக் கம்பியால் கட்டி மின்விசிறியின் நடுவில் தொங்கவிட்டு, குறைந்த வேகத்தில் ஓடவிட்டேன். அந்த விசிறி ஒன்றாம் எண்ணில் ஏதோ யோசித்துக்கொண்டே சுற்றும். நான் ஓரிடத்தில் நின்றால் போதும், டேங்க் தானாகத் திரும்பித் திரும்பி முகம் காட்டும். இறக்கைகளை ஏன் கழற்றவில்லை என்று பிற்பாடு மச்சினன் கேட்டான். இறக்கையைக் கழற்றிவிட்டால் அதற்கு விசிறி என்று பெயர் எப்படி நிற்கும்?

மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"கிளியர் அடிக்கப் போறேன்."

"நாம படுக்கிற இடத்திலயா?"

"இங்கதான் தூசி இல்ல."

"நான் பெருக்கினதாலதான் தூசி இல்ல. அதுக்கு இதுதான் எனக்குக் கிடைக்கிற மரியாதையா?"

அக்கா வீட்டுக்கு வந்திருந்த மச்சினன் டப்பாவை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தான். எதையும் செய்யமாட்டான், எல்லாவற்றையும் படிப்பான். "மாமா, துணி மாஸ்க் போதாதாம். வடிகட்டி வச்ச மாஸ்க் வேணுமாம். மூடின ரூம்ல அடிக்கவே கூடாதாம். நெஞ்சுக்கு ஆகாதாம்."

"என்கிட்ட நல்ல மாஸ்க் இருக்கு, மாப்ளே."

"உங்களுக்கு இருக்கு," என்றாள் மனைவி. "எனக்கு?"

"நீ வெளியில இரு."

"எத்தனையோ வருஷமா வெளியிலதான இருக்கேன்."

இதற்குப் பதில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ஊசியை அமுக்கியாகிவிட்டது. டப்பாவைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கவேண்டியிருந்தது. அந்தச் சத்தத்தில் நான் என்ன சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

முதல் கோட் பனிபோல, லேசாக. கொஞ்சம் ஒட்டுகிற பதம் வரும்வரை காத்திருந்து, இரண்டாவது கோட் ஈரமாக. அவ்வளவு பளபளப்பை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, டேங்க்கில் தெரிந்த தன் வழுக்கையைப் பார்த்து, யாரோ வந்திருக்கிறார்கள் என்று வணக்கம் சொன்னார்.

விசிறி இறக்கைகள் சும்மா இருக்கவில்லை. கிளியர் புகை அறை முழுவதும் சீராகப் போய்ப் படிந்தது. ஜன்னல் திரை காற்றில் உப்பியிருந்தபடியே இறுகி நின்றுவிட்டது. சுவரிலிருந்த பல்லி பீங்கான் பொம்மைபோல மின்னியது. இன்றும் அந்தப் பல்லி இருட்டில் எங்கே போனாலும் எனக்குத் தெரியும். மனைவியின் தலையணையில் அவள் தலை வைத்த பள்ளம் அப்படியே கெட்டிப்பட்டுவிட்டது. விரலால் தட்டினேன். டொக்கென்றது.

அவள் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். தலையணையைப் பார்த்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இருமல் வந்தது, ஓயும்வரை காத்திருந்தாள். அப்புறம் அலமாரியைத் திறந்தாள். மடித்துவைத்த துணியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாக இருந்ததால் பெட்டி அடுக்குவது சுலபமாக முடிந்தது. அந்த அளவுக்கு அவளுக்கு என்னால் உதவி.

"நான் தம்பியோட போறேன்."

"எப்ப வருவே?"

"கேக்கத் தெரியுதே."

"கோவத்துல பேசாத. இரு, இந்தக் கோட் மட்டும் அடிச்சிட்டு வந்துடறேன்."

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். இரண்டாவது கோட் சரியான பதத்தில் இருந்தது. டப்பாவில் இன்னும் ஒரு கோட்டுக்குக் கிளியர் மிச்சம். மனைவியை வாசல்வரை கொண்டுபோய்விட்டு, சமாதானம் பேசி, அழுதால் தேற்றி, திரும்பி வருவதற்குள் பதம் போய்விடும். மறுநாள் பார்க்கலாம் என்றால் டப்பா கல். மனிதர்கள் அப்படியில்லை, பொறுத்துக்கொள்வார்கள் என்பது என் எண்ணம்.

"அந்த டப்பாவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு," என்றாள் அவள். "அதனால ஓடி ஓடிச் செய்றீங்க. எனக்கும் அடியில ஒரு தேதி போட்டிருந்தா பார்த்திருப்பீங்களோ என்னவோ."

மச்சினன் பெட்டியைத் தூக்கினான். வாழ்க்கையில் அவன் தூக்கிய ஒரே பாரம் அதுதான். "வரோம் மாமா," என்றான். 'வரோம்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நம்பக்கூடாது.

கேட் சாத்துகிற சத்தம் கேட்டபோது நான் மூன்றாவது கோட்டின் பாதியில் இருந்தேன். ஒரு இடத்தில்கூட வழியவில்லை. வேண்டுமானால் வந்து பாருங்கள். பெட்ரோலை ஊற்றித் துடைத்துப் பாருங்கள், அசையாது.

அந்த அறையில் இப்போது நான் படுப்பதில்லை. வாசனை என்று சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் மருந்துக்கடையில் மச்சினனைப் பார்த்தேன். இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. என் கையிலிருந்த சீட்டை வாங்கிப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான்.

"மாமா, அக்கா ஏன் போனாங்கன்னு போறவர்றவங்ககிட்டல்லாம் ஏதோ டப்பா கதை சொல்றீங்களாமே."

"கதை இல்ல மாப்ளே. நீயும்தான் கூட இருந்தே."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அக்கா காதுக்கும் வந்துச்சு."

"என்ன சொன்னா?"

"பல்லி எப்படி மினுங்குச்சாம்னு கேட்டாங்க. சொன்னேன். அப்புறம், 'இத்தனை வருஷம் கழிச்சு அவருக்கு ஒரு காரணமாவது கிடைச்சுதே'ன்னுட்டு உள்ள போய்ட்டாங்க."

பல்லியைப் பற்றி விசாரித்திருக்கிறாள், கவனித்தீர்களா? நடக்காத விஷயத்தை யாராவது விசாரிப்பார்களா?

அந்த மோட்டார் சைக்கிளை நான் வாங்கியது அவள் போன மறுவருஷம்.