புனிதமலரின் கண்வில்லைகள்

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஆனி மாதம் அளம்பில் என்ற கரையூரில் மரியநேசன் நேராகக் கடலுக்குப் போய்த் தலைகீழாகத் திரும்பி வந்தான். வள்ளம் நேராகத்தான் இருந்தது, வலையும் மீனும் நேராகத்தான் கிடந்தன, கூடப் போன இரண்டு பேரும் வழக்கம்போலக் காலால் நடந்து இறங்கினார்கள். அவன் மட்டும் கால் மேலே, தலை கீழே, உச்சந்தலைக்கும் மணலுக்கும் நடுவில் ஒரு சாண் வெளி விட்டுக் காற்றில் நடந்து வீட்டுக்குப் போனான். இடுப்பில் கட்டின சாரம் ஒழுங்காகக் காலோடு ஒட்டி நின்றபடியால் பெண்கள் முகத்தைத் திருப்ப வேண்டி வரவில்லை. அன்றைக்குச் சூடைமீன் விலை இறங்கியிருந்தது. கரையில் அதைப் பற்றித்தான் கூடுதலான கதை.

காரணம் அவனுடைய பெண்சாதி புனிதமலர். அவளுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. அவளுடைய தகப்பன் மத்தேயு அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது கடலுக்குப் போனவர். துடுப்பு மட்டும் கரை ஒதுங்கியது. கலியாணம் முடித்த நாள் தொடங்கி, புருஷன் கடலில் நிற்கிற நேரமெல்லாம் அவள் கரையில் மேலும் கீழும் நடப்பாள். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும், ஆடு வேலி பாயும், அவளுக்கு ஒன்றும் கேட்காது. அப்படிப்பட்டவளுக்கு அந்தோனியார் திருநாளில் அதிர்ஷ்டலாபச் சீட்டு விழுந்தது. முதல் பரிசு தையல் மெசின். அது பக்கத்து வீட்டு அற்புதத்துக்குப் போனது. அற்புதத்துக்கோ ஊசியில் நூல் கோக்கவே கண் தெரியாது. இரண்டாம் பரிசு, யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை கோயில் சுவாமியாருக்குக் கொடுத்து, சுவாமியார் என்ன செய்வதென்று தெரியாமல் அலுமாரிக்கு மேல் வைத்திருந்த தூரக்கண்ணாடி. அது புனிதமலருக்கு. பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டில் ஐந்து குழிகள் இருந்தன. ஒன்றில் கண் வைத்துப் பார்க்கிற வில்லை கிடந்தது, மற்ற நாலும் வெறும் குழி. அந்த நாலு குழியும் அவளுடைய நித்திரையைத் தின்றன.

அடுத்த நாளே கரைக்குக் கொண்டு போய்க் கண்ணை வைத்தாள். கடல் மேலே, வானம் கீழே, புருஷனுடைய வள்ளம் கவிழ்ந்து தொங்கியது. ‘வள்ளம் கவிண்டிட்டுது’ என்று அவள் சொன்னதும் அற்புதம் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டாள். புனிதமலர் அழவில்லை. கண்ணை எடுத்தால் ஆள் போய்விடும் என்ற பயத்தில், வள்ளம் கரை தட்டும்வரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்தபடியே அவன் வந்து சேர்ந்தான்.

நட்சத்திரம் பார்க்கிற கண்ணாடி எல்லாம் தலைகீழாகத்தான் காட்டும் என்று பிறகு மீன் வாங்க வந்த ஓவசியர் சிற்றம்பலம் விளங்கப்படுத்தினார். அவர் முத்தையன்கட்டுக் குளத்து வேலையில் இருந்தவர். குளக்கட்டு மட்டம் பார்க்கிற அவருடைய கண்ணாடியிலும் ஆட்கள் தலைகீழாகத்தான் தெரிவார்கள். ஆனால் அவருக்காக மட்டக்கோல் பிடித்தவர்களில் ஒருவனும் கவிழவில்லை. அவர் கோலைத்தான் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை, அதுதான் வித்தியாசம். தலைகீழானவனைத் திரும்பவும் அதே கண்ணாடியால் பார்த்தால் நேராகிவிடுவான் என்று கணக்குத் தெரிந்த சிலர் சொன்னார்கள். அதையும் பார்த்தாயிற்று. கண்ணாடிக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. வள்ளத்தையும் கவிழ்த்து, அவனையும் வள்ளத்தோடு சேர்த்துக் கவிழ்த்தேதான் காட்டியது.

மரியநேசனுக்கு ஒரு குறையும் இல்லை. முகம் தண்ணீருக்குக் கிட்ட இருந்தபடியால் மீன் கூட்டம் போகிற பக்கம் அவனுக்கு முதலில் தெரிந்தது, மீன்பாடு இரட்டித்தது. சுவாமியார் முழந்தாளில் இருந்து நற்கருணை கொடுத்தார். புனிதமலர்தான் வெந்தாள். அவன் சிரித்தால் வாயின் இரண்டு கோணமும் கீழே வளைந்து, அழுகிறமாதிரித் தெரிந்தது. ‘என்னப்பா, அழுறியளோ?’ என்று ஓடி வருவாள். ‘சிரிக்கிறன், புனிதம்’ என்பான். திரும்பவும் சிரிப்பான், திரும்பவும் அவளுக்கு நெஞ்சு பதறும். அதைவிடப் பெரிய பயத்தை அற்புதம் அவள் காதில் போட்டாள். ‘இப்ப கடல் குளம் மாதிரிக் கிடக்குது. வாடைக்காத்துப் பிறந்து அலை எழும்பினால் தலை தண்ணிக்குள்ளை எல்லே? காலாலையோ மூச்செடுக்கப் போறான்?’ வாடை முடியும்வரை கடலுக்குப் போகவேண்டாம் என்று புனிதமலர் கெஞ்சினாள். ‘வீட்டிலை தொங்கிக்கொண்டிருக்க நான் என்ன வௌவாலோ?’ என்றான் அவன். ஐப்பசிக்கு முன்னம் அவனை நிமிர்த்திப்போட வேண்டும் என்று அவள் அந்தோனியாருக்கு நேர்ந்தாள்.

வேறு வில்லை போட்டால் நிமிருவாரோ என்று கேட்டதற்கு ஓவசியர் யோசிக்காமல் சொன்னார்: ‘இருக்கிறதிலை பெலமான வில்லையாய் எடுப்பியுங்கோ.’ கொழும்புக்கு எழுதி அவரே எடுப்பித்தும் கொடுத்தார். அதைப் போட்டுப் பார்த்தால் மரியநேசனுடைய ஒரு காதுதான் கண்ணாடி முழுக்க நின்றது. அதுவும் நிற்காது, துடிக்கும், வழுக்கும், பிறகு வெறும் தண்ணீர். ஆளைத் தேடித்தேடி அவளுக்குத் தலை சுற்றியது. அன்று பின்னேரம் அவன் தலைகீழாக வந்ததோடு நடுங்கிக்கொண்டும் வந்தான். இரண்டு கிழமைக்குத் தேத்தண்ணிக் கோப்பை அவன் வாயில் நிற்கவில்லை. கண்ணாடி ஆடாமல் நின்றால் அவனும் ஆடமாட்டான் என்று தச்சன் பாலை மரத்தில் முக்காலி செய்து கொடுத்தான். நடுக்கம் நின்றது. தலை அப்படியே இருந்தது.

கடைசியில் அவள் ஒருவரையும் கேட்காமல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினாள். அங்கே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஏரம்பு எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ‘என்ரை மனிசனை’ என்றாள். ஏரம்பு இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. ‘தங்கச்சி, முதன்முதல் வாங்கிறவை எல்லாரும் பெலத்தைத்தான் கேக்கிறவை. பெலம் கூடக்கூடப் பார்வை ஒடுங்கும், இருளும், நடுங்கும். குறைஞ்ச பெலத்தை எடுங்கோ. ஆள் சின்னனாய்த் தெரிவார், ஆனால் துலைய மாட்டார்.’ அந்த வில்லையை அப்போதே கொடுத்தார். நிமிர்த்திக் காட்டுகிற குழாய் ஒன்று இருக்கிறது, நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு மேலும் கீழும் ஒன்றுதான் என்பதால் ஒருவரும் அதைக் கேட்பதில்லை, சீமையிலிருந்துதான் வரவேண்டும் என்றார். வெளிச்சத்தை அது தின்னும், பட்டப்பகலில் மட்டும் பாருங்கோ என்றும் சொல்லிவிட்டார்.

ஆவணி போனது, புரட்டாதி போனது. சீமைக்கு எழுதுவித்த குழாய் வந்ததோ என்று கேட்டுக் கேட்டு அவள் முல்லைத்தீவுத் தபால் கந்தோர்ப் படியைத் தேய்த்தாள். அந்த வருஷம் வாடை முந்திக்கொண்டது. குழாய் வந்து சேர்ந்த அதே நாள் மத்தியானத்துக்குப் பிறகு காற்றுத் திரும்பி, வானம் கறுத்து, வள்ளங்கள் ஒவ்வொன்றாக ஓடி வந்தன. மரியநேசனுடைய வள்ளம் வரவில்லை.

பொழுது பட்டுக்கொண்டிருந்தது. புனிதமலர் முக்காலியை ஊன்றிக் குழாயைப் பூட்டினாள். உள்ளே பானைக்குள் பார்த்தமாதிரி இருட்டு. கழற்றி மணலில் எறிந்தாள், அலை வந்து அதை எடுத்துக்கொண்டு போனது. பெலமான வில்லையைப் போட்டாள். நுரை, நுரை, திரும்பவும் நுரை. குறைந்த பெலத்தைப் போட்டாள். சுண்டுவிரல் நகம் அளவுக்கு வள்ளம் ஆம்பிட்டது. கூடப் போனவர்கள் தண்ணீர் இறைக்க, மரியநேசன் தண்டுபிடித்து வள்ளத்தை வலித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அலைக்கும் அவனுடைய தலை போய் வந்தது. ஒவ்வொரு தரமும் வரச் சுணங்கியது.

அவளுக்கு அப்போது ஒரு சங்கதி வெளித்தது. கண்ணாடியைத் திருப்ப முடியாவிட்டால் பார்க்கிறவள் திரும்பலாம். பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தில் மல்லாந்து படுத்து, கடல் பக்கம் தலையைக் கீழே தொங்கவிட்டாள். ‘அற்புதம் மாமி, முக்காலியைத் தணிச்சுப்போட்டு என்ரை காலைப் பிடியுங்கோ, விடாதேங்கோ’ என்றாள். அற்புதம் பிடித்தாள். தொங்கின கண்ணுக்கு வள்ளம் நேராகத் தெரிந்தது, கடல் கீழே இருந்தது, மரியநேசன் தலை மேலேயாக நின்றான். இரத்தம் முகத்தில் இறங்கிக் கண் சிவக்கச் சிவக்க, இமை கொட்டாமல் அவனைக் கரைவரைக்கும் பார்த்தாள்.

அவன் காலால் மணலை மிதித்து இறங்கினான். அற்புதம் கையை விட்டாள். புனிதமலரின் கால்கள் கீழே இறங்கவில்லை. மேலே எழும்பி அப்படியே நின்றன, சேலையும் ஒழுங்காகக் காலோடு நின்றது. மரியநேசன் அவளுக்கு முன்னால் முழந்தாளில் விழுந்து, வாய் கோணித் தேம்பித் தேம்பி அழுதான். அவள் அவனுடைய முகத்தைக் கையில் பிடித்துப் பார்த்தாள்.

‘எத்தினை மாதத்துக்குப் பிறகு நீங்கள் வடிவாய்ச் சிரிக்கிறதைப் பாக்கிறன்’ என்றாள்.

‘ஓம்’ என்றான்.

இன்னொரு குழாய் எடுப்பித்து அவளையும் நிமிர்த்தலாம் என்று ஓவசியர் பலதரம் சொன்னார். கரையில் இருக்கிறவளுக்கு அலை பயமில்லை, இதுவே காணும், வேறு வேண்டாம் என்றுவிட்டாள். புதுக்குடியிருப்புச் சந்தையில் அவள் தலைகீழாக நின்றே மீன் விற்றாள். தராசு அவளுடைய கண்ணுக்கு நேரே தொங்கினபடியால் சனம் நம்பி வாங்கியது. பிறகு அவள் கரையில் நடந்து திரியவில்லை, சோறு அடிப்பிடிக்கவும் இல்லை. மரியநேசன் சந்தோஷம் வருகிற நேரமெல்லாம் வாய்க் கோணத்தைக் கீழே இழுத்துக்கொள்ளப் பழகினான். புதிதாக ஊருக்கு வருகிறவர்கள் அவனைச் சிடுமூஞ்சி என்று நினைத்தார்கள்.