டீ தண்ணீர்க் கணக்கில் வருமா?

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் நன்னாரி சர்பத்தைக் கொட்டியது அருணகிரிதான். அதை அவர் மறுக்கவில்லை. மறுக்கவும் முடியாது. காலி கேன் கையில் இருந்தது. கேனின் மூடி அவர் வாயில் இருந்தது.

காலையிலிருந்து சி பிளாக்கின் எல்லா வீட்டுக் குழாய்களிலும் சர்பத் வந்தது. முகம் கழுவியவர்கள் முகத்தில் ஈ உட்கார்ந்தது. துவைத்துப் போட்ட வேட்டிகள் கொடியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. பக்கத்துத் தெரு எறும்புகள் குடும்பத்தோடு வந்தன. வாட்ச்மேனிடம் வழி கேட்டுக்கொண்டு வரிசையாக மேலே ஏறின.

"நீங்க பிளாக் செயலாளரா, சர்பத் கடையா?" என்று கேட்டார் முதல் மாடி ஜெபமணி. அவர் தலைமுடி சீப்போடு ஒட்டியிருந்தது.

"நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்."

"அதான் சார் பயமா இருக்கு."

உண்மையில் நல்லதுக்குத்தான் செய்தார். வெள்ளிக்கிழமை பேரின்பம் அம்மாள் வரவிருந்தார்.

அந்த ஊரில் கோடை பிறந்தால் எல்லாரும் நாள்தோறும் போதுமான தண்ணீர் குடித்தாக வேண்டும். அது சட்டம். குடித்தார்களா என்று பார்ப்பது நீரருந்தல் அலுவலகத்துப் பேரின்பம் அம்மாளின் வேலை. சந்தையில் தேங்காய் வாங்குகிறவர்கள் செய்வதைத்தான் அவரும் செய்வார். ஆளைத் தூக்கிக் காதோரம் வைத்துக் குலுக்குவார். உள்ளே சளக் சளக் என்றால் இறக்கி விட்டுவிடுவார். சத்தம் வராவிட்டால் ஆளை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், ஈர வேட்டியில் படுக்கவைத்து, வடகம்போலக் காயவைப்பார். நன்றாக உலர்ந்த பிறகு டின்னில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவார்கள். ஐப்பசி மழைக்கு வெளியே எடுத்து வைத்தால் ஊறி எழுந்துவிடலாம்.

பொரிப்பதெல்லாம் கிடையாது. அரசாங்கம் அவ்வளவு மோசமில்லை.

ஜெபமணியின் கணவர் ஞானையா போன வாரமே காய்ந்துவிட்டார். அவர் உயரத்துக்கு டின் கிடைக்கவில்லை. அதனால் வாசல் கதவுக்குப் பின்னால் பாயோடு பாயாகச் சாத்தி வைத்திருந்தார்கள். போகிறவர்கள் வருகிறவர்களோடு பேசுவார். பேசும்போது கொஞ்சம் உதிர்வார்.

"எப்படி இருக்கீங்க ஞானையா?" என்று அருணகிரி தினமும் கேட்பார்.

"மொறுமொறுன்னு இருக்கேன்" என்பார் ஞானையா. ஜெபமணி விளக்குமாற்றோடு வருவார்.

அருணகிரிக்கு இருந்த கவலை அவருடைய மனைவியைப் பற்றியது. வசுமதி தண்ணீர் குடிப்பதில்லை. கல்யாணமான நாளிலிருந்தே இல்லை. மற்றதெல்லாம் குடிப்பாள். விடிந்ததும் டீ. வெயில் ஏறினால் மோர். சாப்பாட்டுக்குப் பிறகு ரசத்தை டம்ளரில் ஊற்றிக்கொள்வாள். சாயங்காலம் எலுமிச்சை ஜூஸ். கடைத்தெருவுக்குப் போனால் பன்னீர் சோடா. வெறும் தண்ணீரை நீட்டினால் மட்டும், "அப்புறம் குடிக்கிறேன்" என்பாள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

சில நாட்களாக வசுமதி கையை மடக்கினால் முழங்கை சரசரத்தது. அருணகிரி அதைக் கேட்டும் கேட்காததுபோல இருந்தார். பிறகு பரணைப் பார்த்தார். ஐப்பசி வெகு தூரத்தில் இருந்தது. அவருக்குச் சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும், தனியாகக்கூடத் தூங்கத் தெரியும். ஆனால் சொல்கிற ஜோக்குக்கு, "இதுக்குப் பேரு ஜோக்கா?" என்று கேட்பதற்கு ஆள் வேண்டும். டின் அதைக் கேட்காது.

அதனால்தான் சர்பத். குழாயே இனித்தால் குடித்துவிடுவாள் என்று நினைத்தார்.

வசுமதி குழாயைத் திறந்தாள். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இனிப்பு தூக்கல்" என்றாள். மூடிவிட்டாள்.

"அவங்க குடிக்கல, சரி. நாங்கள்லாம் குடிச்சுட்டோமே!" என்றார் ஜெபமணி. "இது தண்ணிக் கணக்குல வருமா, வராதா? வெள்ளிக்கிழமை என்னையும் சேர்த்துச் சாத்தி வைக்க வீட்டுல கதவு இல்ல சார்."

அருணகிரி கேனின் லேபிளில் தேடிப் பார்த்தார்.

"ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்றார் கதவுக்குப் பின்னாலிருந்து ஞானையா. சொன்ன அளவுக்கு உதிர்ந்தார்.

நீரருந்தல் அலுவலகத்தின் வராந்தா, நடக்க நடக்க நீண்டது. அருணகிரி வேகமாக நடந்தார். வாசலே கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அலுத்துப்போய் நின்றார். நின்றதும் வராந்தா சுருங்கி வந்து, அவரை அதிகாரியின் மேஜைக்கு எதிரே விட்டது. இத்தனை நாள் அரசு அலுவலகங்களில் வீணாக நடந்துவிட்டோமே என்று அவருக்குத் தோன்றியது.

அதிகாரி ஆபத்சகாயம் ஓர் அலுமினியத் தொட்டியில் கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். டை கட்டியிருந்தார். அது மிதந்தது.

"உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. யாரும் கொண்டுவரவில்லை, அதுவாக வந்தது. மேஜைமேல் ஏறி அருணகிரிக்கு எதிரே நின்றது. வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர், பிறகு காபி என்பது எங்கும் உள்ள வழக்கம். வந்தவர்கள் தண்ணீர் டம்ளரை மரியாதைக்குத் தொட்டு வைத்துவிட்டுக் காபிக்குக் காத்திருப்பதும் எங்கும் உள்ள வழக்கம். அருணகிரி தொட்டார். காத்திருந்தார். காபி வரவில்லை.

"சார், டீ தண்ணிக் கணக்குல வருமா?"

"யார் குடிச்ச டீ?"

"என் வீட்டுக்காரி."

"யார் போட்டது?"

"நான்தான்."

"அப்ப உங்க கணக்கு."

"நான் குடிக்கலையே சார்."

"போட்டுட்டுக் குடிக்காம இருந்தது உங்க தப்பு."

அருணகிரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மோர்?"

"அது மாட்டோட கணக்கு."

"பன்னீர் சோடா?"

"காத்து. அடுத்த கட்டடம்."

"ரசம் சார்?"

ஆபத்சகாயம் யோசித்தார். தொட்டியில் சின்னதாக அலை அடித்தது. "ரசத்துல தண்ணி இருக்கா? தண்ணியில ரசம் இருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"எனக்கு முன்னாடி இந்தத் தொட்டியில இருந்தவர் அப்படித்தான் சொன்னார்."

அருணகிரி எட்டிப் பார்த்தார். தொட்டியின் அடியில் இன்னொரு டை கிடந்தது.

"சார், வெள்ளிக்கிழமை அவளைக் காயப் போட்டுருவாங்க. ஒரே வார்த்தை சொல்லுங்க. வருமா, வராதா?"

அதிகாரிக்கு இரக்கம் வந்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இதுல குழப்பமே இல்ல. வாய் வச்சுக் குடிச்சா சாப்பாடு. அண்ணாந்து குடிச்சா தண்ணி. உதடு படக் கூடாது. எதுவா இருந்தாலும் சரி, நேரா தொண்டையில இறங்கணும்."

"கொதிக்கிற டீயை அண்ணாந்து எப்படி சார் குடிக்கிறது?"

"சட்டத்துல சூடு பத்தி ஒண்ணும் இல்ல."

அருணகிரி எழுந்தார். டம்ளரும் மேஜையிலிருந்து இறங்கியது.

"சார், உங்க டம்ளர் கூட வருது."

"தொட்டவர் பின்னாடி போகும். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடும்."

அன்று அது திரும்பவில்லை. கடைத்தெரு வழியாக, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், அவருக்கு இரண்டு அடி பின்னால் வந்தது. சிக்னலில் நின்றது. ஒரு நாய் முகர்ந்து பார்த்தபோது சற்று ஒதுங்கிக்கொண்டது.

"யாருங்க இது?" என்று வசுமதி கேட்டாள்.

"ஆபீஸ்லேருந்து வந்திருக்கு."

"ஏன் வாசல்லயே நிக்குது? உள்ள வரச் சொல்லுங்க."

டம்ளர் உள்ளே வந்து செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் நின்றது. அதற்குப் பிறகு அதை யாரும் கவனிக்கவில்லை.

அருணகிரி டீ போட்டார். தொட்டியில் இருந்தது சர்பத் என்பதால் டீயில் நன்னாரி வாசனை அடித்தது. வசுமதிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வசு, இதை அண்ணாந்து குடி."

"டீயையா? வெயில் தலைக்கு ஏறிடுச்சா உங்களுக்கு?"

"சட்டம்மா."

வசுமதி அவர் முகத்தைப் பார்த்தாள். பாவமாக இருந்திருக்க வேண்டும். டம்ளரை உயரத் தூக்கி அண்ணாந்தாள். டீ மூக்கில் இறங்கியது. தும்மினாள். தும்மலுக்கு நடுவே சிரித்தாள். சிரித்தபோது தோள் சரசரத்தது. இப்போது தோளும்.

"இப்படித்தான்" என்று செய்து காட்டப்போய் அருணகிரி நாக்கைச் சுட்டுக்கொண்டார். அன்று முழுக்க அவரால் வசு என்று சொல்ல முடியவில்லை. வது என்றார்.

"ஏன் வது, தண்ணின்னா மட்டும் வேணாங்கறே?"

"அப்புறம் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை பேரின்பம் அம்மாள் வந்தார். கையில் ஈர வேட்டியும் கறுப்புத் துணி கட்டிய குச்சியும் இருந்தன. குச்சி காக்கைகளுக்காக. முதலில் ஜெபமணியைத் தூக்கிக் குலுக்கினார். உள்ளே கொழகொழ என்றது.

"இது தண்ணிச் சத்தம் இல்லையே."

"சர்பத்தும்மா. எங்க செயலாளர் உபயம்" என்றார் ஜெபமணி, தலைகீழாக.

பேரின்பம் அம்மாள் இன்னொரு தடவை குலுக்கிப் பார்த்தார். "சத்தம் வரணும்னுதான் இருக்கு. என்ன சத்தம்னு இல்ல. போங்க."

சி பிளாக் முழுவதும் கொழகொழத்துப் பிழைத்தது. எல்லாரும் அருணகிரியின் கையைக் குலுக்கினார்கள். கைகள் ஒட்டிக்கொண்டன.

கடைசியில் வசுமதியைக் குலுக்கினார். பேரின்பம் அம்மாளின் புருவம் உயர்ந்தது. மறுபடி குலுக்கினார்.

"உள்ள யாரோ பேசிட்டிருக்காங்க."

"யாரு?"

"நீங்களே கேளுங்க."

அருணகிரி மனைவியின் தோளில் காதை வைத்தார். சளக் இல்லை. ஆனால் பேச்சு இருந்தது. மெதுவாக, நெடுநாளைய பேச்சு. "மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுது வசு" என்றது ஒரு குரல். "உன் தங்கச்சி பையனுக்கு இன்னும் பொண்ணு அமையலையா?" என்றது. பிறகு யானையும் டெய்லரும் என்ற பழைய ஜோக்கைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தது. குரல் அவருடையதுதான். நடுநடுவே டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

"இதெல்லாம் எப்படி உள்ள போச்சு?" என்றார் அருணகிரி.

"டீயோட போயிருக்கும்" என்றாள் வசுமதி.

"பேச்சு கணக்குல வருமாம்மா?"

"பேச்சு காஞ்சுடும் சார்" என்றார் பேரின்பம் அம்மாள். வசுமதியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார்.

மொட்டைமாடியில் நல்ல வெயில். வசுமதியை வேட்டியில் படுக்கவைத்து, குச்சியை நட்டுவிட்டு, பேரின்பம் அம்மாள் அடுத்த பிளாக்குக்குப் போனார். அருணகிரி குடையை விரித்து அவள் பக்கத்தில் நின்றார். குடை பிடிக்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறதா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் அடுத்த கட்டடம் என்பார்கள்.

வசுமதியின் காதுமடல் ஓரத்தில் லேசாகச் சுருள ஆரம்பித்திருந்தது.

"டின் பெருசா பாருங்க" என்றாள். "கால் மடக்கி வச்சா எனக்கு ஆகாது."

"பார்க்கிறேன்."

"பரண்ல எலி இருக்கு."

"விரட்டிடுறேன்." அவர் குடையைத் தாழ்த்திப் பிடித்தார். "இப்பவாவது சொல்லு வசு. தண்ணிமேல அப்படி என்னதான் கோபம் உனக்கு?"

வசுமதி குடையின் கம்பிகளைப் பார்த்தாள்.

"டீன்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருவீங்க. மோர்னா வெளிய போயிட்டு வந்த கதை எல்லாம் சொல்லுவீங்க. ரசத்துக்குக்கூட ரெண்டு வார்த்தை உண்டு." அவள் குரல் நொறுங்கியது. "தண்ணி கேட்டா, குடம் அங்க இருக்குன்னு கையைக் காட்டுவீங்க."

அருணகிரி குடையைச் சுவரில் சாய்த்து அவள்மேல் நிழல் விழும்படி வைத்தார். கீழே ஓடினார். சமையலறையில் குழாயைத் திறந்தார். சர்பத் வந்தது. குடத்தைக் கவிழ்த்தார். எறும்பு வந்தது. அந்தப் பிளாக்கிலேயே வெறும் தண்ணீர் இல்லை. இல்லாமல் செய்தவர் அவர்தான்.

செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் டம்ளர் நின்றுகொண்டிருந்தது. விளிம்புவரை தண்ணீர்.

அதை எடுத்து டபராவில் ஊற்றினார். டபராவிலிருந்து டம்ளருக்கு, டம்ளரிலிருந்து டபராவுக்கு, தோள் உயரத்திலிருந்து ஆற்றினார். ஆற்ற ஆற்ற நுரை கட்டியது. டம்ளரிலும் டபராவிலுமாக இரண்டாகப் பிரித்துக்கொண்டு, அக்குளில் நாற்காலியோடு மாடியேறினார்.

நாற்காலியை அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

வசுமதி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். முழங்கை சரசரத்தது. டம்ளரை வாங்கி, ஊதி, உதடு வைத்து ஒரு வாய் குடித்தாள்.

"தொட்டியைக் கழுவணும்" என்றார் அருணகிரி. "எறும்பெல்லாம் குடித்தனம் வந்துடுச்சு. வாடகை கேட்கலாம்னு இருக்கேன்."

"இதுக்குப் பேரு ஜோக்கா?" என்றாள். இன்னொரு வாய் குடித்தாள்.

அடுத்த பிளாக் மாடியிலிருந்து பார்த்துவிட்டுப் பேரின்பம் அம்மாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "வாய் வச்சுக் குடிக்கிறாங்க! அது சாப்பாட்டுக் கணக்கு!" என்றார். அருணகிரி அவர் பக்கம் திரும்பவில்லை. அவரிடம் கேட்பதற்கு இனி எதுவும் இல்லை.

வசுமதி கடைசிச் சொட்டையும் குடித்தாள். அந்த டம்ளரை ஒருவர் குடித்துக் காலி செய்தது அதுதான் முதல் தடவை. என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. வேட்டியின் ஓரத்தில் படுத்துக்கொண்டது.

"வசு" என்றார் அருணகிரி. "இது கணக்குல வருமா?"

அவள் கையை மடக்கி முந்தானையால் வாயைத் துடைத்தாள். முழங்கை சத்தம் போடவில்லை.

"வரும்" என்றாள்.