தைல மரத்தடியில் ஒரு தாழ்ப்பாள்

என்னைத் தனியாக வீட்டில் விட்டால் அடுப்பைப் பற்றவைத்துப் புகை அலாரத்தை அலற விடுவேன் என்று பயந்துதான் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். கேம்பிங்காம். அமெரிக்காவில் மகள் வீடு இருக்கும் சன்னிவேலில் இருந்து காரில் ஒன்றரை மணி நேரம்.

நான் பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். என் புத்தியெல்லாம் ஏப்ரல் பதினாலாம் தேதியில் இருந்தது. அன்றைக்குத்தான் ஊருக்குத் திரும்ப எனக்கு டிக்கெட். அக்டோபரில் வந்தபோது ஆறு மாதம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். இன்னும் ஒன்பது நாள். டிக்கெட்டைக் காட்டுங்கள் என்று நாலு தடவை கேட்டாயிற்று. "போன்ல இருக்கு மாமா" என்பார் மாப்பிள்ளை. பாஸ்போர்ட்டைக் கேட்டால், "பத்திரமா இருக்கு மாமா" என்பார். பத்திரமாக இருக்கிறது என்று சொல்கிற ஆளை நான் நம்புவதில்லை.

மாப்பிள்ளை பெயர் கிருஷ்ணமூர்த்தி. ஆபீசில் க்ரிஷ். அவருக்கும் என் மகள் வள்ளிக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஏழு வயதுப் பேத்தி தீக்ஷாவை இரண்டரை மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்து நடந்து போய்க் கூட்டி வருவது என் வேலை. மற்ற நேரமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தெருவில் ஒரு ஆள் நடமாட மாட்டான். வீட்டில் என்னோடு முணுமுணுப்பது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். சும்மா கிடைத்த வாட்ச்மேனை விட இவருக்கு மனசு வரவில்லை என்று மாப்பிள்ளையைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காடு என்றது ஒரு ஓடைக்கரை. இரண்டு பக்கமும் தைல மரம். "இது யூகலிப்டஸ் மாமா" என்று மாப்பிள்ளை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அறந்தாங்கிப் பக்கம் இருபத்தாறு வருஷம் தைல மரம் வெட்டி லாரியில் ஏற்றியவன் நான். ஆனால் நாங்கள் ஆறேழு வருஷத்தில் வெட்டிவிடுவோம், மரம் தொடை மொத்தம் இருக்கும். இங்கே நூறு வருஷமாக எவனும் கை வைக்கவில்லை போலிருக்கிறது. நாலு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. பட்டை உரிந்து துணி துணியாகத் தொங்கியது. இந்த வயசில் இந்த மரம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததற்கு அடியில் நான் படுக்க மாட்டேன்.

"மாப்ள, கூடாரத்த அங்கிட்டுத் தள்ளிப் போடுங்க. மேல பாருங்க, கொப்பு எம்மாம் மொத்தமா இருக்கு."

"நம்ம ஸ்பாட் நம்பர் பன்னெண்டு மாமா. ரெண்டு மாசம் முன்னாடியே புக் பண்ணது. மாத்தக் கூடாது."

"நம்பர் பாத்தா மரம் விழுகும்?"

"அப்பா, வந்ததும் ஆரம்பிக்காதீங்க" என்றாள் வள்ளி.

இட்லி தின்ற பிறகு இயற்கை நடை என்றார்கள். தீக்ஷா கையில் ஒரு அச்சடித்த தாள். மரங்கொத்தி, வாத்து, மான் காலடி என்று பட்டியல். பார்த்ததற்கெல்லாம் டிக் அடிக்க வேண்டுமாம். வழி நெடுகப் பலகை நட்டிருந்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தீக்ஷாவைக் கேட்டேன்.

"இட் சேஸ் நோ, தாத்தா."

"இது?"

"திஸ் ஒன் ஆல்ஸோ நோ."

பாதையை விட்டு இறங்காதே, ஓடையில் கால் வைக்காதே, கீழே கிடக்கிற காயைப் பொறுக்காதே. காட்டையும் சாத்தித்தான் வைத்திருக்கிறார்கள். பத்து நிமிஷம் நடந்ததில் வயிறு கலக்கியது. நீங்கள் போங்கள் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

எங்கள் கூடாரத்துக்கு அந்தப் பக்கம், நூறடி தள்ளி, ஆள் உயரத்துக்குப் பச்சை பிளாஸ்டிக் பெட்டி ஒன்று நின்றது. அதுதான் கக்கூஸ். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் காற்று எழும்பியது. மேலே படார் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கையால் தலையை மூடிக்கொண்டேன். பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. உயிர் இருந்தது.

எழுந்து கதவைத் தள்ளினேன். நாலு விரல் அகலம் திறந்து முட்டிக்கொண்டது. இடுக்கில் பார்த்தால், என் இடுப்பு மொத்தத்துக்கு ஒரு கொப்பு கதவுக்குக் குறுக்கே கிடந்தது. தைல வாடை கண்ணைக் கரித்தது. அதற்குப் பின்னால் எங்கள் கூடாரம். அதன்மேல் ஒரு இலைகூட விழவில்லை. நான் தள்ளிப் போடச் சொன்ன பக்கம் பார்த்துத்தான் விழுந்திருக்கிறது.

தோளால் முட்டினேன். அசையவில்லை. "யாராச்சும் இருக்கீங்களா" என்று கூப்பிட்டேன். இந்த ஊரில் தமிழுக்கு யார் வரப்போகிறான்? ஹெல்ப் என்று கத்தத் தெரியும். ஆனால் யூனிஃபார்ம் போட்டவன் வந்து பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டால் எதைக் காட்டுவது? செல்போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. மறுபடி உட்கார்ந்தேன். உள்ளே புழுங்கியது. முக்கால் மணி நேரம் போயிருக்கும்.

பெட்டியின் முதுகுப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையும் மகளும்தான்; பிள்ளை தாளும் கையுமாகப் பின்னால் வந்துகொண்டிருக்கும். வாயைத் திறந்தேன். அதற்குள் மாப்பிள்ளை சொன்னது காதில் விழுந்தது.

"அவர்கிட்ட சொல்லிடு வள்ளி. என்னால இனிமே பொய் சொல்ல முடியாது. தினம் டிக்கெட் எங்கன்னு கேக்கறார்."

"இன்னும் கொஞ்ச நாள் க்ரிஷ்."

"கேன்சல் பண்ணி மூணு வாரம் ஆச்சு. விசா எக்ஸ்டென்ஷனும் அப்ளை பண்ணிட்ட. இன்சூரன்ஸ்னு சொல்லிக் கையெழுத்து வாங்கினது நீ, அவர் முன்னாடி திருடன் மாதிரி முழிக்கறது நான்."

"அவர் போயிட்டா ரெண்டரை மணிக்கு ஸ்கூல் வாசல்ல யாரு நிப்பா? நீ நிப்பியா? எங்க டீம்ல பாதிப் பேர தூக்கிட்டாங்க. தினம் மீட்டிங் நடுவுல நான் எழுந்து போனா அடுத்தது நான்தான்."

"அதுக்காக? அவரைக் கேட்டியா?"

"கேட்டா போறேன்பார்."

ஆறு மாதமாக நான் சந்தேகப்பட்ட ஆள் வேறு. அந்த இன்சூரன்ஸ் தாளில், "இங்க போடுங்கப்பா, அப்புறம் இங்க" என்று விரல் வைத்துக் காட்டியவள் என் மகள். பேனா மூடியைக்கூட அவளே கழற்றிக் கொடுத்தாள். நான் தைல மர வியாபாரியை நம்பியதில்லை, லாரி டிரைவரை நம்பியதில்லை. இவளை மட்டும் கேள்வி கேட்காமல் இருந்துவிட்டேன்.

இருவரும் முன்பக்கம் வந்தார்கள். கொப்பைப் பார்த்துவிட்டு வள்ளி, "ஐயோ, அப்பா!" என்று அலறினாள். உள்ளே இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மாப்பிள்ளை பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து, தம் கட்டிக் கொப்பை இழுத்துப் போட்டார். கதவு தளர்ந்ததும் நான் அதை உள்பக்கம் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டேன்.

"மாமா, எடுத்தாச்சு. வாங்க."

"வரல."

"அடி எதாவது பட்டிருக்கா?"

"பதினாலாந் தேதி டிக்கெட்டு என்னாச்சு மாப்ள?"

வள்ளியின் குரல் கதவுக்குக் கிட்ட வந்தது.

"அப்பா, வெளிய வாங்க. பேசிக்கலாம்."

"அங்கனருந்தே பேசு. நல்லாக் கேக்குது. இம்புட்டு நேரமும் நல்லாத்தான் கேட்டுச்சு."

"எல்லாரும் பாக்கறாங்கப்பா."

"பாக்கட்டும். டிக்கெட்டப் போடு, வர்றேன்."

"இங்க சிக்னல் இல்லப்பா."

"வரும்போது வரட்டும். எனக்கு இங்க எல்லா வசதியும் இருக்கு."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "நீ சிரிக்காத" என்று அவருக்கு ஒன்று விழுந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாகப் பூட்டு என் கையில் இருந்தது. நாற்றம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் இருக்கத் துணிந்துதான் இருந்தேன்.

"அம்மா, ஐ நீட் டு கோ." தீக்ஷாவின் குரல்.

"அந்தப் புதர் பின்னாடி போடா."

"நோ! தேர்ஸ் எ சைன்!"

இன்னொரு கக்கூஸ் அரை மைல் தள்ளி என்று மாப்பிள்ளை சொல்வது கேட்டது. கதவை யாரோ விரல் முட்டியால் தட்டினார்கள், கீழே, என் இடுப்பு உயரத்தில்.

"தாத்தா. ரியலி, ரியலி பேட்."

காற்றுத் துளை வழியாகப் பார்த்தேன். வள்ளி பிள்ளையை முன்னால் விட்டுவிட்டு ஒதுங்கி நின்றிருந்தாள். கெட்டிக்காரி. தீக்ஷா இரண்டு காலையும் பின்னிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள்.

தாழ்ப்பாளை எடுத்தேன்.

பிள்ளை உள்ளே ஓடியது. வள்ளி என் சட்டையில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட வந்தாள். கையை விலக்கினேன்.

"ஜூன்ல ஸ்கூல் லீவு விட்டதும் போங்கப்பா. சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேணாம். எழுதிக் குடு."

எழுதத் தாள் இல்லை. காகிதத் தட்டு ஒன்றை எடுத்து, ஐஸ் பெட்டியின்மேல் வைத்து எழுதினாள். ஜூன் பதினாலாம் தேதி அப்பாவை ஊருக்கு அனுப்புகிறேன். அவள் தமிழில் எழுதிப் பத்து வருஷம் இருக்கும், எழுத்தெல்லாம் கோணலாக வந்தது. கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு மாப்பிள்ளை போட்டார். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்துப் பார்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதற்குள் பூங்காக்காரர் ஜீப்பில் வந்தார். காற்று இன்னும் ஏறுமாம், எல்லோரும் கிளம்ப வேண்டுமாம். என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார். கூடாரத்தைப் பிரித்தார்கள். பின்சீட்டில் தீக்ஷாவுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவே என்னைச் சொருகினார்கள். பிள்ளை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது.

பெரிய ரோடு வந்ததும் வள்ளியின் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது.

"சிக்னல் வந்துருச்சு போல" என்றேன்.

"ம்."

"அப்ப டிக்கெட்டப் போடு."

"வீட்டுக்குப் போய்ப் போடறேன்பா. பாஸ்போர்ட் நம்பர் வேணும்ல."

"மாப்ள, வண்டிய ஓரங்கட்டுங்க."

மாப்பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு வள்ளியைப் பார்த்தார். வண்டி அதே வேகத்தில் போனது. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது ஐஸ் பெட்டிக்கு மேலே எட்டிக் கதவுப் பிடியை இழுத்தேன். திறக்கவில்லை.

"சைல்ட் லாக் மாமா" என்றார் மாப்பிள்ளை. "உள்ளேருந்து திறக்காது."

வள்ளி திரும்பிப் பார்க்கவில்லை. போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். டிக்கெட்டா ஆபீஸ் வேலையா என்று பின்னால் இருந்து எனக்குத் தெரியவில்லை.