ஊர் சுற்றிய ரோல்ஸ்

கண்டிக்கு இரண்டு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கே வாங்குவது, எங்கே சாப்பிடுவது, எங்கே குடிப்பது என்று சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறதாம். அந்த ஆள் தன் கணவனின் ஒன்றுவிட்ட நானாவுடைய, அதாவது அண்ணனுடைய, மகன் அஹ்னாப்தான் என்பதை நினைத்தாலே ரபீகாவுக்கு வாய் கசந்தது.

ஆனாலும் அவன் போடுகிற வீடியோ ஒன்றையும் அவள் விடுவதில்லை. கெலிஓயாவிலுள்ள அந்தச் சின்ன வீட்டின் அடுப்படிக் குசினி வாசலில் உட்கார்ந்து, போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஏசுவாள். கணவர் ஹுஸைன் தையல் மெஷின்கள் திருத்துகிறவர். எண்ணெய்த் துணியும் கையுமாக அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

"சாமான் வாங்க எங்க போகணுமாம் தெரியுமா? ஏரிக்கரையில ஈக்கிற ஏசி கடைக்கு. கையால சாயம் போட்ட பத்திக் சாரம் எண்டு தூக்கிக் காட்டுறான். மெஷின்ல அச்சடிச்ச துணி எண்டு கண்ணில்லாதவனும் தடவிப் பாத்துச் சொல்லுவான். பொறகு மொட்டை மாடியில காப்பி. காப்பிக்கு மேல இலைப் படம் கீறி ஈக்கிது. இவர் குடிக்க மாட்டார், படம் புடிச்சி ஆற வைப்பார். பின்னால பூரா தேயிலை மலை, முன்னால காப்பி!"

"நீ ஏன் அதைப் பாக்குற?"

"பாத்தாத்தானே ஏசலாம்."

ஹுஸைன் சிரிக்கவில்லை. அவளுடைய கோபம் காப்பியைப் பற்றியதல்ல என்பது அவருக்குத் தெரியும்.

கண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தொன்றில் கறுப்பையாவின் தேநீர்க் கடை இருக்கிறது. ரபீகா கறி வைத்துச் சுருட்டி எண்ணெயில் சுட்ட ரோல்ஸ் வருடக்கணக்காக அங்கேதான் போயின. அந்தக் கடையில் போய் உட்கார்ந்தால், கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸும் பெட்டிஸும் வடையும் மேசைக்கு வரும். வேண்டியதைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை விட்டுவிடலாம். மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். எழும்பிப் போகும்போது சாப்பிட்டவர் சொல்வதுதான் கணக்கு. நாடு முழுக்கவுள்ள வழக்கம்தான் இது. முன்பின் தெரியாத ஒருவரின் வாயை நம்பி நடக்கிற தொழில்கள் இந்த உலகத்தில் இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கின்றன?

அஹ்னாபின் கண்ணுக்கு அது படவில்லை. கடையின் பெயர்ப்பலகையைக் காட்டி, தட்டைக் காட்டி, கமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவன் சொன்னான்: "நீங்க கண்டியைச் சுத்திப் பாக்க முந்தி, இந்த ரோல்ஸ் எல்லா மேசையையும் சுத்திப் பாத்திருச்சு. மக்களே, இதுதான் ஊர் சுத்தின ரோல்ஸ்!"

அந்தப் பேர் பற்றிக்கொண்டது. த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் சந்து வழியாகப் போகும்போது, "ஐயா, ஊர் சுத்தின ரோல்ஸ் வந்திருச்சா? எந்த ஊர்ல நிக்கிது?" என்று கத்திவிட்டுப் போனார்கள். கந்தோர் வேலைக்குப் போகும் பெண்கள் தேநீர் மட்டும் கேட்டார்கள். பிறகு தேநீருக்கும் வரவில்லை. ஒருநாள் கறுப்பையாவே பஸ் ஏறி கெலிஓயாவுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "போன்ல சொல்ல மனசு வரல தங்கச்சி. கொஞ்ச நாளைக்கு ரோல்ஸ் வேணாம்மா. கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்தபடி போனார். அன்று கவிழ்த்து வைத்த, ரோல்ஸ் பொரிக்கும் எண்ணெய்த் தாச்சியை ரபீகா அதற்குப் பிறகு நிமிர்த்தவில்லை.

இப்போது அந்த அஹ்னாப் உம்ராவுக்குப் போகிறானாம். பின்னேரம் பெண்சாதியோடு பயணம் சொல்ல வருவதாகப் போன் எடுத்திருந்தான்.

மக்காவுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ப் பயணம் சொல்வார்கள். "தெரிஞ்சோ தெரியாமலோ பிழை செஞ்சிருந்தா மாப்பு செய்ங்க" என்பார்கள். வீட்டிலுள்ளவர்கள் "மாப்பு, மாப்பு" என்பார்கள். தேநீர் வரும், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

"நான் சொல்ல மாட்டன்" என்றாள் ரபீகா.

"பயணம் போறவனுக்கு இல்லை எண்டு சொல்ற பழக்கம் எங்கயாவது ஈக்கிதா?"

"அல்லாஹ்ட அடியானுக்குச் செஞ்ச பிழையை அந்த அடியான்தான் மாப்பு செய்யணும் எண்டு பள்ளிவாசல்ல கேட்டுட்டு வந்து சொன்னது நீங்கதானே? இவன் எனக்குச் செஞ்சது எனக்கிட்டத்தான் ஈக்கிது. காபாவைச் சுத்தினாலும் கழுவுப்படாது. வெறும் வாய்ப் பேச்சுக்கு நான் அதைக் கொடுக்க மாட்டன்."

ஹுஸைன் எண்ணெய்த் துணியை மடிக்கத் தொடங்கினார்.

அஹ்னாப் கூலிங் கிளாஸைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தான். வாசனை அவனுக்கு முந்தி உள்ளே வந்தது. அவன் மனைவி ஜஹானா முஸ்கட் இனிப்புப் பெட்டியொன்றை ரபீகாவின் கையில் கொடுத்தாள்.

"சாச்சா, சாச்சி, நாளண்டைக்குப் பயணம். தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை ஈந்தா மாப்பு செய்ங்க" என்றான் அஹ்னாப், பாடமாக்கியதை ஒப்புவிப்பதுபோல.

"மாப்பு மகன், மாப்பு" என்றார் ஹுஸைன் அவசரமாக.

ரபீகா எழும்பிப் போய்த் தேநீர் கொண்டுவந்தாள். வெறும் தேநீர். கடிக்க ஒன்றுமில்லை. அந்த வீட்டில் விருந்தாளிக்கு அப்படி வைத்ததே கிடையாது. ஜஹானா பலகாரத் தட்டம் வருமென்று குசினிப் பக்கம் பார்த்தாள்.

"சாச்சி, எங்க ஒங்கட ரோல்ஸ்? கலியாண மருதாணி வீட்டுல தின்டது இன்னும் நாக்குல ஈக்கிது."

"ரோல்ஸா? அது ஊர் சுத்தப் போயிட்டுது புள்ள" என்றாள் ரபீகா.

அஹ்னாபின் கோப்பை பாதி வழியில் நின்றது. அவன் ரபீகாவைப் பார்த்தான். பிறகு, குசினிச் சுவரோரம் கவிழ்ந்து கிடந்த பெரிய தாச்சியைப் பார்த்தான்.

"அந்தக் கடைக்குச் சப்ளை பண்ணினது... சாச்சியா?"

"நான்தான்."

"சத்தியமா ஒங்கட எண்டு எனக்குத் தெரியாது சாச்சி!"

"வேற ஒருத்தர்ட எண்டா சரியா?"

ஜஹானா கணவனைத் திரும்பிப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை. அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். "இப்பவே அழிச்சிர்றன். புதுசா ஒண்டு போடுறன். ஒங்கட ரோல்ஸ்தான் கண்டியில நம்பர் ஒண்டு எண்டு..."

"போனைக் கீழ வை" என்றாள் ரபீகா. "நீ ஒரு நாள் நம்பர் ஒண்டு எண்டுவாய், மத்த நாள் குப்பை எண்டுவாய். ரெண்டுக்கும் ஒரே சிரிப்பு. ஒன்ட நாக்கை நம்பி ஊர் பாக்க வாற சனத்தை நெனச்சாத்தான் பாவமா ஈக்கிது. சாச்சி எண்டதால எனக்கிட்ட வந்தாய். கறுப்பையா அண்ணனுக்குப் பயணம் சொன்னியா?"

"அவர் நம்மட ஆள் இல்லையே சாச்சி. அவருக்கு இந்த வழக்கம் தெரியாதே."

"வழக்கம் தெரியாதவருக்கு வயிறும் இல்லையா?"

அஹ்னாப் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"அவர் மாப்பு தந்தா நானும் தாறன்" என்றாள் ரபீகா. கொடுக்கக் கூடாது என்று நினைத்ததில் பாதியைத் தன் வாயே கொடுத்துவிட்டதைப் பிறகுதான் உணர்ந்தாள்.

அவனுடைய காரிலேயே நால்வரும் கறுப்பையாவின் கடைக்குப் போனார்கள். பேராதனைப் பக்கம் வாகனங்கள் நெரிந்து நின்றன. வழி நெடுக அஹ்னாப் வாய் திறக்கவில்லை. அதுவே ஒரு சுகமாக இருந்தது ரபீகாவுக்கு.

கடையில் சனம் குறைவு. கல்லாவில் கறுப்பையா இருந்தார். மற்றவர்களை வாசலில் நிறுத்திவிட்டு அஹ்னாப் உள்ளே போனான்.

"ஐயா, மாப்பு கேக்க வந்தன்."

"மேப்பா?" கறுப்பையா அவனுடைய கூலிங் கிளாஸையும் சப்பாத்தையும் பார்த்தார். "நம்மகிட்ட இல்லீங்களே தம்பி. இப்பல்லாம் போன்லேயே இருக்குங்கறாங்க. எங்க போகணும்னு சொல்லுங்க, வழி சொல்றேன். மாளிகைக்கா, பூந்தோட்டத்துக்கா?"

"இல்ல ஐயா, மாப்பு..."

"அதத்தான் சொல்றேன். மொதல்ல ஒக்காருங்க. அலைஞ்சு களைச்சுப் போய் வந்திருக்கீங்க. டீ குடிச்சிட்டுப் போலாம்." உட்காருவதற்குள்ளேயே தட்டு வந்துவிட்டது. அதில் வடை மட்டும்தான் இருந்தது.

ஹுஸைன் உதவிக்குப் போகக் காலெடுத்தார். ரபீகா அவருடைய சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். பாடமாக்கிய சொல் அங்கே செல்லாது. அவன் வேறு சொல் தேடட்டும்.

அஹ்னாப் வடையையே பார்த்துக்கொண்டிருந்தான். வீடியோவில் நிற்காமல் ஓடுகிற அந்த வாய்க்கு ஒரு வசனம் அகப்படவில்லை. கடைசியில், "ஊர் சுத்தின ரோல்ஸ் எண்டு வீடியோ போட்டது நான்தான் ஐயா" என்றான். "சனம் சிரிக்கும் எண்டு போட்டன். ஒங்கட யாவாரம் கெட்டுப்போச்சு. நான் செஞ்சது பிழை. என்னை மன்னிச்சுக்கங்க."

பக்கத்து மேசை த்ரீவீல்காரர் திரும்பினார். "அட, ஊர் சுத்தி இவர்தானா? நான் என்னமோ பெரிய ஆள்னு நெனச்சேன்!"

"நீங்க சும்மா இருங்க" என்று கறுப்பையா அவரை அடக்கினார். அஹ்னாபுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"பேரக் கேட்டு மொதல்ல நானும் சிரிச்சேன் தம்பி. அப்பறம் அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போயி ரோல்ஸ் வேணாம்னு சொல்ல வேண்டி வந்துச்சு பாருங்க. திரும்பி வர்ற பஸ்ல ஒங்கள ஏசுனேன். ஒங்க அம்மா அப்பாவையும் சேத்து ஏசிட்டேன். பெத்தவங்க என்ன பாவம் செஞ்சாங்க? அதுக்கு நீங்க என்னைய மன்னிக்கணும்."

அஹ்னாப் தலையை ஆட்டினான்.

அப்போதுதான் கறுப்பையா வாசலைப் பார்த்தார். "தங்கச்சி! நானா! வெளிய ஏன் நிக்கிறீங்க?"

"நம்மட நானாட மகன்தான் அண்ணன்" என்றார் ஹுஸைன் உள்ளே வந்து. "மக்காவுக்குப் போறார். அதுக்கு முந்தி ஒங்களுக்குச் சொல்லிட்டுப் போக வந்தார்."

"மக்காவுக்கா?" கறுப்பையா சட்டென்று எழும்பினார். "அப்ப ஒரு ஒதவி செய்யணும் தம்பி. எங்க வீட்டுக்காரிக்கு மூட்டு வலி, படியேற முடியல. அங்க போயி அவளுக்காக ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. பேரு சுப்பம்மா. எந்த எடத்துல நின்னு கேட்டாலும் சாமிக்குக் கேக்கும்."

ரபீகா சுவரோரம் நின்றாள். அஹ்னாபை அவள் ஏசிய ஏச்சுக்குக் கணக்கில்லை. அவனைப் பெற்றவர்களையும் அதில் அவள் விட்டுவைத்ததில்லை. அதற்காக யாரிடமாவது மாப்புக் கேட்க வேண்டுமென்று இந்த நிமிடம்வரை அவளுக்குத் தோன்றவில்லை. அவனைப் பிடிக்காமல் இருப்பது ஒன்று. அவன் பயணத்தைத் தன் கைக்குள் பொத்தி வைத்திருப்பது வேறொன்று.

காருக்குப் பக்கத்தில் அஹ்னாப் தயங்கி நின்றான். "சாச்சி?"

"மாப்பு" என்றாள் ரபீகா. "எனக்கும் மாப்பு செய். ஒன்ன நெறைய ஏசியிருக்கிறன். அதுக்காக ஒன்னப் புடிச்சிட்டுது எண்டு நெனச்சிராத."

"இல்ல சாச்சி."

"அந்த அம்மாட பேர் என்ன, சொல்லு பாப்பம்."

"சுப்பம்மா. மூட்டு வலி."

"மறந்துராத" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு முந்தி அவளே காரில் ஏறினாள்.