வேண்டாத வட்டி

அலியார் ராவுத்தர் விட்ட முதல் அறையிலேயே நாச்சிமுத்துவின் கடைவாய்ப் பல் தெறித்துப் புண்ணாக்கு மூட்டை மேல் விழுந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் மீனாட்சிபுரத்துக்கு இருந்த ஒரே தனியார் பாங்கின் காசாளன் அவன். காலையில் பாங்கு திறக்கவில்லை. போட்ட பணமெல்லாம் மாயம் என்று ஊர் கொதித்தது. பொள்ளாச்சி பஸ்ஸுக்குப் பதுங்கிப் போனவனை மடக்கித் தன் கடைக்குள் இழுத்துப்போட்டுத் தாழிட்டிருந்தார் அலியார். வெள்ளிக்கிழமை மகள் சௌதாவுக்கு நிக்காஹ். அதற்கென்று சேர்த்ததெல்லாம் அந்தப் பாங்கில்தான்.

"என் பணம் எங்கடா?"

"சொல்றனுங்க ராவுத்தரே... அடிக்காதீங்க."

கதவு அதிர்ந்தது. வெளியே திரண்ட கூட்டத்தில் பால்காரி மருதாத்தாளின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"தொறங்க! எருமை வித்த காசுங்க அது! அவன் கையத் துண்டாக்காம நான் ஊட்டுக்குப் போகமாட்டேன்!"

கோடரி பலகையைப் பிளந்தது. தாழ் பெயர்ந்தது. கொடுவாளோடு முதலில் பாய்ந்தவள் மருதாத்தாள்தான். அலியார் குறுக்கே விழுந்தார். வெட்டு அவர் முன்கையில் இறங்கியது. கைலியெல்லாம் ரத்தம் வழிய, நாச்சிமுத்துவை முதுகுக்குப் பின்னால் சுவரோடு அழுத்திக்கொண்டார்.

"தள்ளுங்க ராவுத்தரே! திருடனுக்குக் காவலா?"

"இவன் செத்தா பணம் இருக்கற எடத்த யாரு சொல்லுவா, நீ வித்த எருமையா? பொறு புள்ள! சொல்லுடா, நாச்சிமுத்து!"

"பஞ்சு யாவாரத்துல போட்டனுங்க. முழுகிப்போச்சு. மொதல்ல உங்க வட்டியத்தானுங்க தொட்டேன். ஹராமு, எனக்கு வேண்டாம்னு பாஸ்புக்கையே எங்கிட்ட வுட்டுட்டுப் போனீங்கல்ல? கேக்க ஆளில்லாத காசுன்னு எடுத்தேன். அப்பறம் கை பழகிப்போச்சுங்க."

பாவம் என்று அலியார் ஒதுக்கிய காசில் ருசி கண்டவன் ஊரையே தின்றிருக்கிறான்.

"மிச்சம் ஏதாச்சும்?"

"உங்க அல்லா மேல ஆணையா ஒண்ணுமில்லீங்க."

அலியார் மருதாத்தாளைப் பார்த்தார். கொடுவாளில் இருந்தது அவருடைய ரத்தம். முதுகில் நாச்சிமுத்துவின் விரல்கள் அவர் சட்டையை இறுகப் பற்றியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். பிறகு ஒதுங்கி வாசலைப் பார்த்து நடந்தார்.

"ராவுத்தரே! ஐயோ, ராவுத்தரே!"

அவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட மருதாத்தாள் அவனை விடவில்லை.