பிடி, விடு

மனித இனத்தில் நம்பிக்கை என்ற வியாதி தொற்றாத முதல் ஆள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் மூன்று கட்டுரை எழுதி நிரூபித்திருக்கிறேன். மறுத்து ஒருவரும் எழுதவில்லை. ஒருவரும் படிக்கவுமில்லை என்பது வேறு விஷயம்.

அந்த வியாதி முற்றினால் எப்படி இருக்கும் என்று பார்க்க நான் தூரமாகப் போக வேண்டியதில்லை. பக்கத்து அறையில் என் அண்ணன் இருந்தான். வேலை போய்ப் பதினோரு மாதம். போன வாரம் ஒரு பார்சல் கம்பெனி, சொந்த வண்டி இருந்தால் வரலாம் என்றது. அண்ணனிடம் ஒரு பைக் இருந்தது, என்னைவிட இரண்டு வயது மூத்தது. கம்பெனியில் வண்டிகளைப் பரிசோதிக்கிறவர் முன்சக்கர பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். லிவர் பஞ்சுக்குள் போவதுபோல் போய்க் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. நாளை மூன்று மணிக்குள் சரிபண்ணிக் கொண்டு வரவில்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வண்டி எங்கள் முன்னறையில், செருப்புகளுக்கும் குழந்தையின் தொட்டிலுக்கும் நடுவே நிற்கும். தண்ணீர்ப் பானைக்குப் போக அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அண்ணன் தாண்டும்போதெல்லாம் லிவரை ஒருமுறை அழுத்திப் பார்த்தான். தண்ணீர் குடிக்கப் போகையில் ஒருமுறை, குடித்துவிட்டு வருகையில் ஒருமுறை. தானாகவே இறுகியிருக்குமாம்.

“நாடி பிடிச்சுப் பார்க்கிறியே, ஜுரம் இறங்கிடுச்சா?” என்று கேட்டேன். அண்ணி சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம். உதிரி பாகக் கடைக்கு அன்று விடுமுறை. வீட்டில் இருந்தது அரை பாட்டில் பிரேக் ஆயில். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் நாம் அழுத்துகிற அழுத்தமெல்லாம் காற்றை நசுக்கவே சரியாகப் போய்விடும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் லிவரை நாலு தடவை அமுக்கி, இறுகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர் சக்கரத்தருகே உட்கார்ந்து நிப்பிள் என்கிற குட்டித் திருகை ஸ்பேனரால் லேசாகத் திறந்தால், கறுத்த ஆயிலும் குமிழிகளும் டியூப் வழியாக ஒரு காலி பாட்டிலுக்குள் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் லிவரை விட வேண்டும். முந்திக்கொண்டு விட்டால் போன காற்று திரும்பி வந்துவிடும். இறங்கின அளவுக்கு லிவர் பக்கத்து டப்பாவில் புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, எனக்கு ஒதுக்கப்பட்ட பாடத்திட்டத்தில் இரண்டே சொற்கள்: பிடி, விடு.

“பிடிச்சிருக்கா?” என்றான் அண்ணன் கீழேயிருந்து.

“பிடிக்கல. ஆனா பிடிச்சிருக்கேன்.”

“பேராசிரியரே, வாய மூடிட்டு பிடிங்க.”

பிடித்தேன், விட்டேன். பிடித்தேன், விட்டேன். பன்னிரண்டரைக்குக் குமிழிகள் கடுகளவுக்கு வந்துவிட்டன. லிவர் பாதி வழியிலேயே நின்று முறைத்தது. அண்ணன் அண்ணாந்து என்னைப் பார்த்தான். பதினோரு மாதமாக அந்த முகத்தை நான் பார்த்திருக்கவில்லை. நோயின் அறிகுறி என்று மனதில் குறித்துக்கொண்டேன். பாட்டிலில் புது ஆயில் இரண்டு விரல் அளவு மிச்சம் இருந்தது.

அப்போதுதான் அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். அவருடைய அண்ணன் மறுபடி போன் பண்ணினாராம். ஒரு வழி பிறக்கும்வரை குழந்தையோடு அங்கே வந்து இருக்கச் சொல்லி, சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு வருகிறாராம். மூன்று மணிவரை பொறுங்கள் என்று அண்ணி சொல்லியிருக்கிறார்.

“மூணு மணிக்கு அப்புறம் நான் என்ன சொல்லட்டும்?” என்று கேட்டார்.

நிப்பிள் திறந்திருந்தது. என் லிவர் கைப்பிடியோடு ஒட்டியிருந்தது. அண்ணன் அவர் பக்கம் திரும்பியதில், டியூபின் நுனி பாட்டிலைவிட்டு வெளியே வந்துவிட்டது.

“அந்தப் பேச்சை விடு,” என்றான்.

நான் விட்டேன்.

குளிர்பானத்தின் கடைசி மடக்கை உறிஞ்சுவதுபோல் கீழே ஒரு சத்தம் கேட்டது. குழந்தைகூடத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் ஸ்பேனரைத் திருப்பி நிதானமாக நிப்பிளை மூடினான்.

“உன்கிட்ட சொல்லலடா,” என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு விரல் ஆயிலும் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. பிறகு அவன் பாட்டிலில் இறங்கியிருந்த கறுப்பு ஆயிலைத் தன் பழைய பனியனில் வடிகட்டி மேலே டப்பாவில் ஊற்றினான். அப்படிச் செய்யக் கூடாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லத் தோதாக எனக்கு ஒரு கேலியும் வரவில்லை. பிடித்தேன், விட்டேன். இரண்டரை மணிக்கு லிவர் நேற்று இருந்த நிலைக்கு வந்து சேர்ந்தது. சொல்லப்போனால் நேற்றைவிட மோசம். நேற்று போகிற வழியில் கொஞ்சமாவது யோசித்தது.

பின் பிரேக்கை மட்டும் வைத்து ஓட்டிக்கொண்டு போனான். நாலு மணிக்குத் திரும்பிவிட்டான். பரிசோதிக்கிறவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லையாம். உட்கார்ந்தபடியே இரண்டு விரலால் லிவரை அமுக்கிப் பார்த்துவிட்டு, பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டாராம்.

ஐந்து மணிக்குக் கார் வந்தது. அண்ணி குழந்தையின் துணிகளை முன்பே மடித்து வைத்திருந்தார். படியிறங்கும்போது என்னைப் பார்த்து, “தம்பி, நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க,” என்றார். நான் எதை நினைத்துக் குமைகிறேன் என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“நாலு நாள்தான்,” என்றான் அண்ணன். வியாதி முழுக்கக் குணமானவனின் குரல்.

கார் போனதும் அவன் தண்ணீர் குடிக்கப் போனான். வண்டியைத் தாண்டித்தான் போனான். லிவரைத் தொடவில்லை. குடித்துவிட்டு வரும்போதும் தொடவில்லை. அறைக்குள் போய்ச் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நான் காலித் தொட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் தாகமாக இருந்தது. எழுந்து போனேன். வண்டியருகே வந்ததும், அறைக்குக் கேட்காதபடி கையை நீட்டி லிவரை அழுத்தினேன். கைப்பிடிவரை போய் ஒட்டிக்கொண்டது.

தண்ணீர் குடித்தேன். திரும்பி வரும்போது இன்னொரு முறை அழுத்தினேன்.